தொட்டியத்துக் கூன்வண்டுக்கு மார்கழி கிடையாது

பயிர்ப் பாதுகாப்புக் கையேடு எதைப் புரட்டினாலும் பூச்சியின் வாழ்க்கைச் சுழற்சி என்று வட்டமாக ஒரு படம் இருக்கும். முட்டை இத்தனை நாள், புழு இத்தனை நாள், கூட்டுப்புழு இத்தனை நாள். வாழைத் தண்டுக் கூன்வண்டைப் பற்றிய நூல்களில் இந்த எண்களை ஒப்பிட்டுப் பார்த்தால் குழப்பம் வரும். ஒன்றில் புழுப் பருவம் ஒரு மாதத்துக்கும் குறைவு, இன்னொன்றில் இரண்டு மாதத்துக்கும் மேல். எண்ணத் தெரியாதவர்களா எழுதினார்கள் என்று விவசாயி கேட்டால் அதில் தப்பில்லை. ஆனால் இரண்டு எண்ணும் சரிதான். ஒருவர் கோடையில் பார்த்தார், மற்றவர் குளிரில் பார்த்தார். ஒருவர் புழுவுக்குக் கொடுத்த வாழை ஒரு ரகம், மற்றவர் கொடுத்தது வேறு ரகம். பூச்சியின் வயது நாள்காட்டியில் ஓடுவதில்லை. சூட்டிலும் சோற்றிலும் ஓடுகிறது.

இதைத் திருச்சி மாவட்டத்துத் தொட்டியத்தை வைத்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு. முசிறியிலிருந்து காவிரியின் வடகரையோடு மேற்கே போனால் காட்டுப்புத்தூர் வரைக்கும் வாழை, நடுநடுவே தென்னை, வெற்றிலைக் கொடிக்கால், கோரை. பூவன், கற்பூரவள்ளி, ஏலரிசி, ரஸ்தாளி, நேந்திரன் என்று ரகமும் பல. ஒரு தோட்டத்தில் போன மாதம் ஊன்றிய கன்று நிற்கும், வரப்புக்கு அந்தப் பக்கம் தார் தள்ளிக்கொண்டிருக்கும், அதற்கடுத்ததில் மறுதாம்பு. இலைக்காக விட்ட பூவன் என்றால் அது பாட்டுக்கு வருஷக்கணக்கில் நிற்கும். வருஷத்தில் எந்த நாள் போனாலும் எல்லா வயதிலும் வாழை உண்டு. பூச்சியின் கண்ணோடு பார்த்தால், கடையடைப்பே இல்லாத ஊர்.

இங்கே வாழையைத் தின்னும் கூன்வண்டு இரண்டு. ஒன்று கிழங்கில் இறங்குவது, மற்றது தண்டில் ஏறுவது. இரண்டுக்கும் முகத்தில் யானைத் தும்பிக்கை மாதிரி வளைந்த மூக்கு, அதன் நுனியில் வாய். கிழங்குக் கூன்வண்டு ஒரு சென்டிமீட்டருக்குச் சற்று மேல், கறுப்பு. ராத்திரியில் நடமாடும், பறப்பது அபூர்வம். ஒரு ஊரிலிருந்து இன்னொரு ஊருக்குப் போவது பெரும்பாலும் நாம் தூக்கிக்கொண்டு போகும் கன்றோடுதான். தண்டுக் கூன்வண்டு அதைவிடப் பெரியது, கறுப்பாகவோ செம்பழுப்பாகவோ இருக்கும், நன்றாகப் பறக்கும்.

தண்டுக் கூன்வண்டின் பெண் முட்டையிடுவதைப் பார்ப்பது அரிது. இட்ட இடத்தைப் பார்க்கலாம். வாழை மரத்தின் தண்டு என்று நாம் சொல்வது மட்டைகள் ஒன்றின்மேல் ஒன்று சுற்றிய அடுக்கு. ஒரு மட்டையைக் குறுக்கே அறுத்தால் உள்ளே வரிசையாகக் காற்றறைகள் தெரியும், தேனடை மாதிரி. பெண் வண்டு மூக்கால் வெளிமட்டையில் ஒரு கீறல் போட்டு, அந்தக் காற்றறைக்குள் ஒவ்வொன்றாக முட்டையை வைக்கிறது. வெளியே தெரிவது ஊசி குத்தியது போல ஒரு புள்ளிதான். ஐந்து மாதம் தாண்டிய மரத்தைத்தான் அது அதிகம் தேடுகிறது. மட்டை பருத்து, அறை பெருத்த பிறகு. சில நாளில் புழு பொரிந்து உள்ளே குடையத் தொடங்கும்போது அந்தப் புள்ளி வழியாகப் பிசின் வடியும். முதலில் தெளிவாக, பிறகு பழுப்பாக. ‘மரம் பிசின் விடுதுங்க’ என்று விவசாயி சொல்லும்போது உள்ளே புழு ஏற்கெனவே ஒரு சுற்று தின்று முடித்திருக்கும். மரத்தைப் பிளந்தால் கறுத்து அழுகிய நாருக்கு நடுவே, காலே இல்லாத கொழுத்த வெண்மஞ்சள் புழு, பழுப்புத் தலையோடு. கூட்டுப்புழுவாகும் முன் அதே வாழை நாரை எடுத்துத் தன்னைச் சுற்றி ஒரு கூடு பின்னிக்கொள்ளும். சித்திரை, வைகாசியில் கோடை மழைக்கு முன்னால் வரும் காற்றில் தாரோடு முறிந்து விழும் மரங்களில் சிலவற்றை முறிந்த இடத்தில் பார்த்தால் இந்தக் குடைச்சல் தெரியும். பழி காற்றின் மேல் போகிறது.

இனி சூட்டுக்கு வருவோம். பூச்சிக்கு நம்மைப் போல உடம்புச் சூட்டை ஒரே அளவில் வைத்துக்கொள்ளும் வசதி இல்லை. சுற்றுப்புறம் எவ்வளவு சூடோ, ஏறக்குறைய அவ்வளவுதான் அதன் உடம்பும். உடம்புக்குள் நடக்கும் வேதிவினைகள் சூட்டோடு வேகம் கூடும், குளிரில் மந்தமாகும். ஒரு குறிப்பிட்ட அளவுக்குக் கீழே வளர்ச்சி நின்றே போகும். அந்த அளவைத் தாண்டிய ஒவ்வொரு டிகிரியும் கணக்கில் சேர்கிறது. பிரெஞ்சு அறிவியலாளர் ரெயோமூர் 1735 வாக்கில் பயிர் முதிர்வதற்கு இப்படி ஒரு வெப்பக் கூட்டுத்தொகை தேவை என்று சொல்லி வைத்தார். பிறகு வந்தவர்கள் அதைப் பூச்சிக்கும் பொருத்தினார்கள். சீட்டுப் பிடிப்பது போலத்தான். மொத்தத் தொகை முதலிலேயே முடிவானது, தினமும் கட்டும் தவணைதான் கூடும் குறையும். வெயில் நாளில் பெரிய தவணை, குளிர் நாளில் சின்னத் தவணை. தொகை நிறைந்த அன்று முட்டை பொரிகிறது, அல்லது வண்டு கூட்டை உடைத்து வெளியே வருகிறது. இந்தத் தவணைக்கு டிகிரி நாள் என்று பெயர்.

கிழங்குக் கூன்வண்டுக்கு இந்தக் கணக்கைச் சுத்தமாகப் போட்டுக் கொடுத்தது மேற்கு ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டில் 1990களில் நடந்த ஆய்வு. முட்டைக்கு 12 டிகிரி செல்சியஸுக்குக் கீழே வளர்ச்சி இல்லை, அதற்கு மேல் சுமார் 89 டிகிரி நாள் வேண்டும். புழுவுக்கு வாசல் 8.8 டிகிரி, தேவை சுமார் 538. கூட்டுப்புழுவுக்கு 10.1 டிகிரி, சுமார் 121. இந்த மூன்று வரியை வைத்துக்கொண்டு ஒரு காகிதத்தில் வகுத்துப் பார்க்கலாம். 18 டிகிரியில் வளரும் வண்டுக்கு முட்டையிலிருந்து வண்டாக 89 நாள். 25 டிகிரியில் 48 நாள். 30 டிகிரியில் 36 நாள். இது கிழங்குக் கூன்வண்டின் கணக்குதான் என்றாலும், தண்டுக் கூன்வண்டுக்கு நூல்கள் தரும் இரண்டு எண்களும் ஏன் சரியாக இருக்கும் என்பது இந்த வகுத்தலிலேயே புரிகிறது.

இப்போது திருச்சியின் வெயிலைப் பக்கத்தில் வையுங்கள். மே மாதப் பகல் சராசரியாக 38 டிகிரிக்குப் பக்கம் போகும், சில நாள் 40ஐத் தாண்டும். ஜனவரி விடியற்காலையில்கூட 20, 21க்குக் கீழே இறங்குவது குறைவு. ஜனவரியின் நாள் சராசரி 25 டிகிரி அளவில். அதாவது தொட்டியத்தில் மிகக் குளிர்ந்த மாதத்தில் வண்டுக்கு ஒரு தலைமுறை வளர 48 நாள், சூடான மாதத்தில் 36 நாள் வாக்கில். நமக்கு மார்கழிக்கும் வைகாசிக்கும் உள்ள வித்தியாசம் போர்வைக்கும் விசிறிக்கும் உள்ள வித்தியாசம். வண்டுக்கு அது பன்னிரண்டு நாள். ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் இந்த டிகிரி நாள் கணக்கை வைத்து, குளிர்காலம் முடிந்து பூச்சி எந்த வாரம் கிளம்பும், எந்த வாரம் மருந்தடிக்கலாம் என்று முன்கூட்டியே அறிவிக்கிறார்கள். அங்கே பனி எல்லாப் பூச்சியையும் தொடக்கக் கோட்டுக்குத் தள்ளுகிறது, பந்தயம் ஒரே நேரத்தில் தொடங்குகிறது. காவிரிக் கரையில் அப்படி ஒரு தொடக்கக் கோடே இல்லை. ஒரே தோட்டத்தில் முட்டை, சின்னப் புழு, பெரிய புழு, கூடு, வண்டு எல்லாம் ஒரே நாளில் இருக்கும்.

டிகிரி நாள் கணக்கு நேர்கோடு. பூச்சியின் உடம்பு நேர்கோடு அல்ல. சூடு ஏற ஏற வேகம் கூடும் என்பது 30 டிகிரியை ஒட்டிய அளவு வரைக்கும்தான் நன்றாகப் பொருந்தும். அதைத் தாண்டினால் வேகம் தேங்கும், இன்னும் ஏறினால் பூச்சி சாகும். அப்படியானால் 40 டிகிரி வெயிலில் வண்டு வெந்து போகாதா என்று கேட்கலாம். போகாது. நாம் சொல்லும் 40 டிகிரி வானிலை நிலையத்தில் காற்றின் சூடு. கிழங்குக்குள் இருக்கும் புழுவுக்கு மேலே மண், அதன்மேல் சருகு, அதற்கும் மேல் இலைக்குடை. தண்டுக்குள் இருக்கும் புழுவைச் சுற்றிலும் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தண்ணீரான மட்டை. வாய்க்கால் தண்ணீர் பாய்ந்த தோட்டத்தில் நண்பகலில் கையை வாழைத் தண்டில் வைத்துப் பார்த்தால் புரியும். புழு குளிர்சாதன அறையில் உட்கார்ந்து சாப்பிடுகிறது. வெயிலில் உண்மையாகவே அடிபடுவது புழுவின் எதிரி. கூன்வண்டுக்கு நோய் உண்டாக்கப் பயன்படுத்தும் பிவேரியா பேசியானா என்ற பூஞ்சை 25 முதல் 28 டிகிரியில் நன்றாக வளரும், 32ஐத் தாண்டினால் திணறும், நேர் வெயில் பட்டால் அதன் வித்துகள் சீக்கிரம் செத்துப்போகும். சித்திரை வெயிலில் திறந்த இடத்தில் பூஞ்சையைத் தெளித்துவிட்டுப் பலனில்லை என்று சொல்பவர்கள் இதையும் யோசிக்கலாம்.

இதே கணக்கு மற்றப் பூச்சிகளில் இன்னும் கூர்மையாகத் தெரியும். 2018 மே மாதம் கர்நாடகத்தின் சிவமொக்காவில் முதன்முதலாகக் கண்டுபிடித்த அமெரிக்கப் படைப்புழு சில மாதத்திலேயே தமிழ்நாட்டு மக்காச்சோளத்தில் இறங்கியது. தென்னாப்பிரிக்காவில் அதை வளர்த்துப் பார்த்தபோது 18 டிகிரியில் முட்டையிலிருந்து அந்துப்பூச்சியாக 71 நாள் ஆனது, 32 டிகிரியில் 20 நாள். பெரம்பலூர் பக்கத்து மக்காச்சோளக்காரர்கள் அந்த வருஷம் பட்ட பாட்டில் அந்த வேகத்துக்கும் ஒரு பங்கு உண்டு.

பூமி ஒரு டிகிரி சூடானால் பூச்சி பெருகிவிடும் என்று பொதுவாக எழுதுகிறார்கள். எந்த ஊரில் என்று கேட்டால்தான் பதில் உருப்படியாக வரும். மேலே சொன்ன எண்களையே எடுத்துக்கொள்வோம். 27 டிகிரி 28 ஆனால் கிழங்குக் கூன்வண்டின் தலைமுறை 43 நாளிலிருந்து 40க்கு இறங்கும். 18 டிகிரி 19 ஆனால் 89 நாள் 79 ஆகும். சமவெளியில் மூன்று நாள், மலையில் பத்து நாள். உகாண்டாவில் கடல் மட்டத்திலிருந்து 1600 மீட்டருக்கு மேல் இந்த வண்டு அரிது. குளிர்தான் வேலி. நம் பழனி மலையடுக்கிலும் சிறுமலையிலும் விளையும் விருப்பாட்சி, சிறுமலை வாழைக்கு 2008இல் புவிசார் குறியீடு கிடைத்தது. வெப்பம் கூடுவதால் வேலி தாழப்போவது அந்த மாதிரி மேட்டு நிலங்களில்தான். தொட்டியத்தில் வேலி எப்போதுமே இருந்ததில்லை.

ஆக, தொட்டியத்தில் சூடு வண்டின் கையைக் கட்டுவதில்லை. வேறு எது கட்டும்? சோறு.

கூன்வண்டு இரண்டுக்கும் வாழையும் அதன் நெருங்கிய உறவுச் செடிகளும்தான் உணவு. ஆனால் எல்லா வாழையும் ஒரே உணவு இல்லை. நேந்திரனும் செவ்வாழையும் தண்டுக் கூன்வண்டுக்கு எளிதில் விழும் ரகங்கள் என்பது வாழைக்காரர்களுக்குத் தெரிந்ததே. ரகத்தால் வண்டுக்கு என்ன ஆகிறது என்பதைக் கிழங்குக் கூன்வண்டை வைத்து உகாண்டாவில் விரிவாகப் பார்த்திருக்கிறார்கள். அதில் எனக்கு மிகவும் பிடித்த முடிவு ஒன்று. தாய் வண்டு ரகம் பார்ப்பதில்லை. தாங்கும் ரகத்துக்கும் தாங்காத ரகத்துக்கும் ஏறக்குறைய ஒரே மாதிரி வந்து முட்டையிடுகிறது. அவதிப்படுவது பிள்ளைதான். தாங்கும் ரகத்தின் கிழங்கைத் தின்னும் புழு மெதுவாக வளர்கிறது, எடை குறைகிறது, பாதிக்கு மேல் வழியிலேயே சாகவும் கூடும். அமெரிக்கப் பூச்சியியலாளர் ரெஜினால்டு பெயின்டர் 1951இல் எழுதிய நூலில் பயிரின் தற்காப்பை மூன்றாகப் பிரித்தார்: பூச்சி விரும்பாமல் ஒதுங்குவது, தின்ற பூச்சியின் வளர்ச்சியும் ஆயுளும் கெடுவது, எவ்வளவு தின்றாலும் பயிர் தாங்கிக்கொள்வது. வாழையில் கிழங்குக் கூன்வண்டுக்கு எதிராக நடப்பது பெரும்பாலும் இரண்டாவது.

அந்த உகாண்டா ஆய்வுகளில் குறைவாகச் சேதமான வாழைகளில் ஒன்று கயிஞ்சா. அங்கே அதிலிருந்து பீர் காய்ச்சுகிறார்கள். அது உலகம் பிசாங் அவாக் என்று அழைக்கும் குடும்பத்தைச் சேர்ந்தது, நம் கற்பூரவள்ளியும் அதே குடும்பம். இதைப் படித்துவிட்டுக் கற்பூரவள்ளி போட்டால் கூன்வண்டே வராது என்று யாரும் கிளம்ப வேண்டாம். அது கிழங்கின் கதை. தண்டுக் கூன்வண்டு வேறு பேரினம், அது தின்பது வேறு உறுப்பு. கிழங்கின் கடினமும் அதிலுள்ள வேதிப்பொருளும் மட்டைக்கு அப்படியே பொருந்தாது. திருச்சி தாயனூரில் 1993 முதல் இயங்கும் தேசிய வாழை ஆராய்ச்சி மையத்தில் நூற்றுக்கணக்கான ரகங்களைச் சேர்த்து வைத்திருப்பதன் பயன்களில் ஒன்று, இந்தக் கேள்வியை ரகம் ரகமாகக் கேட்க முடிவது.

உணவுச் செடி பூச்சியின் வேகத்தை மாற்றுவதோடு, சில சமயம் அது எந்தப் பூச்சி என்பதையே காட்டிக்கொடுக்கும். முடிக்கொத்து நோயைப் பரப்பும் வாழை அசுவினியும், ஏலக்காய்ச் செடியிலும் சேம்பிலும் இருக்கும் அசுவினியும் ஒன்றே என்று நெடுங்காலம் நினைத்திருந்தார்கள். 2010இல் மரபணுவையும் உடலளவையும் சேர்த்துப் பார்த்தபோது இரண்டும் தனித்தனி இனம் என்று முடிவாயிற்று. ஏலத்தில் இருப்பது வேறு, வாழையில் இருப்பது வேறு. பூச்சி எதைத் தின்கிறது என்று குறித்துக்கொள்ளாமல் அதன் நாள்கணக்கை மட்டும் எழுதி வைப்பது எவ்வளவு அரைகுறை என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டாம்.

குளிர்காலம் இல்லாத ஊரில் குளிர்காலம் செய்யும் வேலையை மனிதன் செய்ய முடியுமா? முடியும், உணவை நிறுத்தி. இதை நம் ஊரில் சட்டம் போட்டே செய்திருக்கிறார்கள். 1919இல் சென்னை மாகாணம் பயிர்ப் பூச்சி, நோய்ச் சட்டம் ஒன்றை இயற்றியது. இந்தியாவில் ஒரு மாகாணம் இப்படிச் சட்டம் கொண்டுவந்தது அதுதான் முதல் முறை. அதன்படி கோவைப் பக்கத்தில் கம்போடியா பருத்தியை விளைச்சல் முடிந்ததும் குறித்த தேதிக்குள் வேரோடு பிடுங்கிவிட வேண்டியிருந்தது. பருத்தித் தண்டுக் கூன்வண்டும் இளஞ்சிவப்புக் காய்ப்புழுவும் அடுத்த பயிர் வரும்வரை பழைய செடியில் தங்கியிருப்பதைத் தடுக்கத்தான். சூரியன் தராத இடைவெளியை அரசாணை தந்தது. பருத்தி ஒருபருவப் பயிர் என்பதால் அது நடந்தது. வாழையில், எல்லா வயது மரமும் எப்போதும் நிற்கும் வட்டாரத்தில், அப்படித் தேதி குறிக்க முடியாது. தோட்டத்துக்குத் தோட்டம்தான் இடைவெளி உண்டாக்க வேண்டும். நெல்லோடு சுழற்றுவது ஒரு வழி. அதற்கும் பொறுமை வேண்டும், ஏனென்றால் வளர்ந்த கிழங்குக் கூன்வண்டு ஒரு வருஷத்துக்கு மேலேயே உயிரோடு இருக்கும். முட்டை இடுவது என்னவோ வாரத்துக்கு ஒன்றிலிருந்து மூன்றுதான். குறைவாகப் பெற்று நீண்ட நாள் வாழும் பூச்சி, ஒரு வாரம் மருந்தடித்து ஓய்ந்துவிடும் ஆளுக்கு அடங்காது.

மறுதாம்பு விடும் தோட்டத்தில் சிக்கல் வேறு வடிவம் எடுக்கிறது. தார் வெட்டிய மரத்தை உடனே அடியோடு அகற்றப் பலருக்கு மனசு வராது. அது சோம்பல் இல்லை. வெட்டிய தாய்மரத்தின் தண்டிலும் கிழங்கிலும் மிச்சமிருக்கும் தண்ணீரும் சத்தும் பக்கக் கன்றுக்குப் போய்ச் சேரும் என்பது அனுபவம், அறிவியலும் அதை ஒப்புக்கொள்கிறது. அதே அடிக்கட்டைதான் வண்டுக்கும் பிரசவ அறை. காயம்பட்ட தண்டின் வாசம் வண்டை இழுக்கும். நீளவாக்கில் பிளந்த வாழைத்தண்டுத் துண்டுகளைத் தரையில் கவிழ்த்து வைத்து வண்டு பிடிக்கும் பொறியும் இந்த வாசத்தை நம்பித்தான் வேலை செய்கிறது. தினமும் புரட்டிப் பார்த்து வண்டைப் பொறுக்கிக் கொன்றால் பொறி. மறந்துவிட்டால் அதுவே இன்னொரு பிரசவ அறை.

அடிக்கட்டையை எத்தனை நாள் விடலாம் என்பதற்குத்தான் சூட்டுக் கணக்கு கைகொடுக்கிறது. வெட்டிய அன்று முட்டை விழுந்தது என்று வைத்துக்கொண்டால், தை மாதம் வெட்டிய கட்டைக்கு ஆறு வாரத்துக்குள், வைகாசியில் வெட்டியதற்கு ஐந்து வாரத்துக்குள் கிழங்கைத் தோண்டி எடுத்துப் பொடியாகக் கொத்திக் காயப்போட்டுவிட்டால், உள்ளே இருப்பது வண்டாகி வெளியே வராது. ஆனால் இந்தக் கெடு, தார் வெட்டும் நாளில் மரத்தில் முட்டையோ புழுவோ இல்லாத தோட்டத்துக்கு மட்டும். வெட்டும்போதே கிழங்கில் பாதி வளர்ந்த புழு இருந்தால் மிச்சமிருப்பது இரண்டு மூன்று வாரம்தான். அதைத் தெரிந்துகொள்ள, தார் வெட்டிய கையோடு நாலைந்து மரத்தின் கிழங்கைக் குறுக்கே அறுத்துப் பார்த்துவிட வேண்டும்.